அடுக்குக்குறிச் சார்பின் வரைபடம்: வளைவு எங்கே கிளம்புகிறது?

ஒரு கிராஃப் தாளை எடுத்து, அடியிலிருந்து இரண்டு செ.மீ. விட்டு எக்ஸ் அச்சை வரையுங்கள். ஒய் அச்சு தாளின் நடுவில் வரட்டும். வலது மேல் மூலையில் வழக்கம்போல அளவுத்திட்டத்தை எழுதுங்கள்: இரண்டு அச்சுகளிலும் 1 செ.மீ. = 1 அலகு. வரையப்போவது, ஒய் = 2-இன் அடுக்கு எக்ஸ்.

பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண்ணுக்காக இருபடிச் சமன்பாட்டின் வரைபடத்தைப் போட்டுப் போட்டுப் பழகியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் தெரியாது. அட்டவணை போட வேண்டும், புள்ளி வைக்க வேண்டும், சேர்க்க வேண்டும். எக்ஸ் 0 என்றால் ஒய் 1. பிறகு 1-க்கு 2, 2-க்கு 4, 3-க்கு 8, 4-க்கு 16. ஐந்துக்குப் போனால் 32 செ.மீ. உயரம் வேண்டும்; தாளில் இடமில்லை. இடப்பக்கம் −1-க்கு 1/2, −2-க்கு 1/4, −3-க்கு 1/8.

புள்ளிகளை வைத்ததும் கண் தானாக உயரத்தைப் பார்க்கும். அதைக் கொஞ்சம் அடக்கிவைத்து, அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளின் உயரங்களை வகுத்துப் பாருங்கள். 16-ஐ 8-ஆல் வகுத்தால் 2. 1-ஐ 1/2-ஆல் வகுத்தாலும் 2. 1/4-ஐ 1/8-ஆல் வகுத்தாலும் அதே 2. நேர்கோட்டில் வலப்பக்கம் ஓர் அலகு நகர்ந்தால் ஒரே அளவு கூடும். இங்கே ஓர் அலகு நகர்ந்தால் ஒரே எண்ணால் பெருகும். இடப்பக்கம் நகர்ந்தால் அதே எண்ணால் வகுபடும். முன்னது கூட்டுத்தொடர் வரிசையின் படம், பின்னது பெருக்குத்தொடர் வரிசையின் படம். இந்த அத்தியாயத்தில் இனி வரும் அத்தனையும் இந்த ஒரே விதியிலிருந்து வருகிறது. அடிமானம் எதுவானாலும் வளைவரை (0, 1) வழியாகத்தான் போகும் என்று பாடநூல் சொல்வதும் இதனால்தான். எதையும் இன்னும் பெருக்கத் தொடங்காத இடம் அது.

புள்ளிகளைச் சேர்க்கும்போது ஸ்கேலைத் தொடாதீர்கள். 0-க்கும் 1-க்கும் நடுவில், எக்ஸ் 1/2 ஆக இருக்கும்போது உயரம் என்ன? ஸ்கேல் வைத்தால் 1.5 என்று வரும். ஆனால் அரை அலகு நகர்வுக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. அதை இரண்டு முறை பெருக்கினால் 2 வரவேண்டும். அது 2-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.41. ஆகவே வளைவரை ஸ்கேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே தொய்ந்து போகிறது. 3-க்கும் 4-க்கும் நடுவில் இதே தொய்வு பெரிதாகத் தெரியும்: ஸ்கேல் 12 என்கிறது, உண்மை 11.3. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் அவற்றைச் சேர்க்கும் கோட்டுக்கு அடியில்தான் வளைவரை இருக்கும். கையால் வரையும்போது இதை மட்டும் மனதில் வைத்தால் படம் பாதி சரியாகிவிடும்.

இடப்பக்கம்தான் விடைத்தாள்களில் அதிகம் கெடுகிற இடம். வளைவரை எக்ஸ் அச்சைத் தொடாது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் தொடவைத்து விடுகிறார்கள். குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. எக்ஸ் −5 ஆக இருக்கும்போது உயரம் 1/32 செ.மீ., அதாவது 0.3 மி.மீ. பென்சில் கோட்டின் தடிமனே அரை மி.மீ. இருக்கும். அச்சுக்கும் வளைவரைக்கும் நடுவில் இடம் இருப்பது கணக்கில்தான், தாளில் இல்லை. ஆகவே ஒரு சிறு ஏமாற்று வேலை தேவைப்படுகிறது. −3-க்கு அப்பால் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு, அச்சுக்கு ஏறக்குறைய இணையாக இழுத்து, நுனியில் ஓர் அம்புக்குறி போட்டு நிறுத்துங்கள். பாதியைப் பாதியாக்கிக்கொண்டே போனால் பூச்சியம் வராது என்பதற்கு அந்த அம்புக்குறிதான் சாட்சி. இப்படி நெருங்கிக்கொண்டே போயும் தொடாத கோட்டைத் தொலைத்தொடுகோடு என்கிறோம்.

அதே தாளை மனக்கண்ணில் இருபுறமும் நீட்டிப் பாருங்கள். வலப்பக்கம் 20 செ.மீ. போனால் உயரம் 10,48,576 செ.மீ. அது பத்தரை கிலோமீட்டர், எவரெஸ்ட்டே 8.85 கிலோமீட்டர்தான். இடப்பக்கம் 20 செ.மீ. போனால் உயரம் ஒரு செ.மீ.யில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சார்பகம் எல்லா மெய்யெண்களும், வீச்சகம் மிகை மெய்யெண்கள் மட்டும் என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடும் செய்தி இதுதான்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. வரைந்த படத்தைப் பார்த்து, வளைவு எந்த இடத்தில் மேலே கிளம்புகிறது என்று யாரைக் கேட்டாலும் 1-க்கும் 2-க்கும் நடுவில் எங்கோ விரலை வைப்பார்கள். அதுவரை தரையோடு தவழ்ந்து, அங்கே முட்டியை மடக்கி எழுந்து நிற்பது போலத்தான் தெரிகிறது. செய்தித்தாள்களிலும் இப்படித்தான் எழுதுகிறார்கள்: மெதுவாக இருந்தது, திடீரென்று எகிறியது.

இன்னொரு தாளை எடுங்கள். ஒய் அச்சின் அளவுத்திட்டத்தை மட்டும் மாற்றி 1 செ.மீ. = 1000 அலகு என்று வையுங்கள். ஒய் அச்சை இடப்பக்கம் தள்ளி வரைந்துகொண்டு, எக்ஸ் 0 முதல் 14 வரை போடுங்கள். 2¹⁰ என்பது 1024. ஆகவே முதல் தாளில் 0-இல் இருந்த 1 செ.மீ. உயரம் இந்தத் தாளில் 10-இல் வருகிறது. 11-இல் 2 செ.மீ., 12-இல் 4, 13-இல் 8, 14-இல் 16. முதல் படத்தை அப்படியே பத்து செ.மீ. வலப்பக்கம் தள்ளிவைத்தது போலத்தான் இருக்கும். முட்டி இப்போது 11-க்கும் 12-க்கும் நடுவில். முன்பு விரல் வைத்த இடமோ அச்சோடு ஒட்டிப் படுத்துக் கிடக்கிறது. சார்பு மாறவில்லை. நீங்கள் மூலையில் எழுதிய அளவுத்திட்டம் மட்டும்தான் மாறியது. முட்டியைப் போட்டது அதுதான்.

இதன் பின்னே உள்ள இயற்கணிதம் ஒரே வரி. 2-இன் அடுக்கு (எக்ஸ் + 3) என்பதும், 2³ பெருக்கல் 2-இன் அடுக்கு எக்ஸ் என்பதும் ஒன்றே. முதல் வடிவத்தைப் படித்தால் வளைவரையை மூன்று அலகு இடப்பக்கம் நகர்த்து என்கிறது. இரண்டாவதைப் படித்தால் உயரத்தை எட்டு மடங்காக நீட்டு என்கிறது. நகர்த்துவதும் நீட்டுவதும் ஒரே செயலாகிவிடுவது இந்தச் சார்புக்கே உரிய குணம். பரவளையத்தில் அப்படி நடக்காது. அதற்கு முனை என்று ஓர் அடையாளமான இடம் உண்டு, நகர்த்தினால் கண்டுபிடித்துவிடலாம். அடுக்குக்குறி வளைவரையில் அடையாளமான இடம் என்று ஒன்றும் கிடையாது. எந்தத் துண்டை வெட்டி எடுத்து, உயரத்தைத் தகுந்தபடி சுருக்கினாலும் மற்ற எந்தத் துண்டின் மேலும் கச்சிதமாகப் பொருந்தும்.

வேகமாக ஏறுவதெல்லாம் அடுக்குக்குறிச் சார்பு என்று நினைப்பது இன்னொரு பழக்கம். எக்ஸின் வர்க்கத்தையும் 2-இன் அடுக்கு எக்ஸையும் ஒரே தாளில் போடுங்கள். எக்ஸ் 2-இல் இரண்டும் 4. எக்ஸ் 3-இல் வர்க்கம் 9, மற்றது 8, வர்க்கம்தான் மேலே. 4-இல் மறுபடியும் இரண்டும் 16. அதற்குப் பிறகு வர்க்கம் எட்டிப் பிடிப்பதே இல்லை: 10-இல் 100-க்கு எதிரே 1024, 20-இல் 400-க்கு எதிரே பத்து லட்சத்துக்கு மேல். 0 முதல் 4 வரை மட்டும் வரைந்து காட்டினால் எது எது என்று கண்ணால் சொல்வது கடினம். அட்டவணையை வகுத்துப் பார்த்தால் உடனே தெரியும். வர்க்கங்கள் 1, 4, 9, 16 என்று போகும்போது விகிதம் 4, 2.25, 1.78 என்று இறங்கிக்கொண்டே வரும். அடுக்குக்குறிச் சார்பில் அது நகராது.

மெதுவாக ஏறுவதும் அடுக்குக்குறிச் சார்பாக இருக்கலாம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்று பேசிக்கொள்வோமே, மாதத்துக்கு இரண்டு சதவீதம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் ரூபாய் கடன். தனிவட்டி என்றால் மாதம் 2,000 கூடும் நேர்கோடு. வட்டிக்கு வட்டி என்றால் மாதம் 1.02-ஆல் பெருகும் வளைவரை. 1 செ.மீ. = 20,000 ரூபாய் என்று வைத்து இரண்டையும் ஒரே தாளில் வரையுங்கள். ஓராண்டு முடிவில் தனிவட்டியில் 1,24,000, கூட்டுவட்டியில் சுமார் 1,26,800. தாளில் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.கூட இல்லை. கடன் வாங்கியவர் முதல் வருடத்தில் பயப்படாததற்கு இந்த ஒன்றரை மி.மீ.தான் காரணம் என்று எனக்குத் தோன்றும். மூன்றாம் ஆண்டு முடிவில் 1,72,000-க்கு எதிரே சுமார் 2,04,000. ஆறாம் ஆண்டு முடிவில் 2,44,000-க்கு எதிரே 4,16,000. தாளில் எட்டரை செ.மீ. இடைவெளி. இங்கேயும் திடீர் என்று எதுவும் நடக்கவில்லை. முதல் மாதத்திலும் 1.02, எழுபத்திரண்டாம் மாதத்திலும் 1.02. முப்பத்தாறு மாதத்துக்கு ஒருமுறை கடன் இரட்டிக்கிறது, அவ்வளவுதான். வட்டி வீதத்தால் 72-ஐ வகுத்தால் இரட்டிக்கும் காலம் ஏறக்குறைய வந்துவிடும் என்ற பழைய கைக்கணக்கு இங்கே சரியாகவே பொருந்துகிறது.

கூட்டுவட்டி என்றதும் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். 1683-இல் ஜேக்கப் பெர்னூலி, ஆண்டுக்கு நூறு சதவீத வட்டியைச் சிறுசிறு தவணைகளாகப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு ரூபாய் எவ்வளவாகும் என்று ஆராய்ந்தார். அது எல்லையில்லாமல் ஏறுவதில்லை; 2.718 என்ற எண்ணை நெருங்கி நிற்கிறது. பின்னால் ஆய்லர் அதற்கு ‘இ’ என்ற ஆங்கில எழுத்தைக் குறியாக வைத்தார். வரைபடத்தில் அதன் பொருள் எளிது. அடுக்குக்குறி வளைவரையின் எந்தப் புள்ளியிலும் சாய்வை உயரத்தால் வகுத்தால் ஒரே எண் வரும். அடிமானம் 2 என்றால் அது 0.69, 3 என்றால் 1.10. சரியாக 1 வரும் அடிமானம்தான் 2.718. மேல்வகுப்பில் வகை நுண்கணிதம் படிக்கும்போது இது எவ்வளவு வேலையைக் குறைக்கிறது என்பது தெரியவரும்.

அடிமானம் 1-க்குக் குறைந்தால் வளைவரை இறங்கும். 1/2-இன் அடுக்கு எக்ஸ் என்பது, 2-இன் அடுக்கு எக்ஸை ஒய் அச்சில் எதிரொளித்த படம். இதற்கு நல்ல உதாரணம் கார்பன்-14. அதன் அரை ஆயுட்காலம் 5,730 ஆண்டுகள். கிடையில் ஆண்டுகளையும் செங்குத்தில் மீதமுள்ள சதவீதத்தையும் குறித்து வரையுங்கள்: 0-இல் 100, 5,730-இல் 50, 11,460-இல் 25. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில், அங்கே கிடைத்த மாதிரிகளில் மிகப் பழையதன் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று கணிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய 2,600 ஆண்டுகள். உங்கள் படத்தில் 2,600-இலிருந்து மேலே போய் வளைவரையைத் தொட்டு, இடப்பக்கம் திரும்பினால் 73 சதவீதம் என்று வரும். ஆய்வகம் செய்வது இதன் தலைகீழ்: மீதம் எவ்வளவு என்று அளந்து, வளைவரையில் ஆண்டைத் தேடுகிறது. மற்ற திருத்தங்கள் எல்லாம் அதற்குமேல். கிடைக்கோடு ஒன்று வளைவரையை ஒரே ஒரு இடத்தில்தான் வெட்டும் என்பதால்தான் இப்படித் தலைகீழாகத் தேட முடிகிறது. பத்து அரை ஆயுட்காலம் போனால், அதாவது 57,300 ஆண்டுகளில், மீதம் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு இந்த முறை கைகொடுக்காததற்குக் காரணம், தாளில் உங்கள் பென்சில் முனை பட்ட அதே பாடுதான்.

தேர்வுக்கு வருவோம். ஒய் = 2-இன் அடுக்கு எக்ஸ் − 4 என்று கேட்டால் முதலில் வளைவரையைத் தொடாதீர்கள். ஒய் = −4 என்ற இடத்தில் புள்ளிக்கோடு ஒன்று போடுங்கள். தொலைத்தொடுகோடு அங்கே இறங்கிவிட்டது. ஒய் அச்சை 1 − 4, அதாவது −3-இல் வெட்டும். எக்ஸ் அச்சை வெட்டும் இடத்தில் 2-இன் அடுக்கு எக்ஸ் 4 ஆக வேண்டும். ஆகவே எக்ஸ் 2. புள்ளிக்கோடும் இந்த இரண்டு புள்ளிகளும் கிடைத்தால் படம் முடிந்தது. ‘அச்சைத் தொடாது’ என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கேள்வியில் வளைவரையை எக்ஸ் அச்சுக்கு மேலேயே நிறுத்திவிடுவார்கள். தொடாதது தொலைத்தொடுகோட்டை, அது அச்சாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குறைக்குறி எங்கே நிற்கிறது என்பதையும் பாருங்கள். அடுக்கில் நின்றால் ஒய் அச்சில் எதிரொளிப்பு. மொத்தத்துக்கும் முன்னால் நின்றால் எக்ஸ் அச்சில் எதிரொளிப்பு; படம் தலைகீழாகத் தொங்கும். அடிமானத்தோடு சேர்ந்து அடைப்புக்குள் நின்றால் படமே கிடையாது, ஏனென்றால் −2-இன் வர்க்கமூலம் மெய்யெண் அல்ல. அதேபோல 3 பெருக்கல் 2-இன் அடுக்கு எக்ஸை 6-இன் அடுக்கு எக்ஸ் என்று எழுதிவிடும் அவசரமும் உண்டு. எக்ஸுக்கு 0 போட்டுப் பாருங்கள்: ஒன்று 3, மற்றது 1.

படத்தைக் கொடுத்துச் சமன்பாட்டைக் கேட்டால் மறுபடியும் விகிதம்தான். (1, 6), (3, 54) என்ற புள்ளிகள் வழியே போகிறது என்றால், இரண்டு அலகு நகர்வில் 9 மடங்கு. ஓர் அலகுக்கு 3 மடங்கு. 1-இல் 6 என்றால் 0-இல் 2. ஆகவே ஒய் = 2 பெருக்கல் 3-இன் அடுக்கு எக்ஸ். சில வேளை விகிதம் ஒத்துவராமல் கைவிரிக்கும். 30 டிகிரி அறையில் ஒரு டம்ளர் காபி ஆறுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்ததில் 80, 55, 42.5 என்று வந்தது என வைத்துக்கொள்வோம். 55/80 என்பது 0.69, 42.5/55 என்பது 0.77. அடுக்குக்குறிச் சார்பு இல்லையோ என்று தோன்றும். ஆனால் காபி பூச்சிய டிகிரியை நோக்கி ஆறவில்லை, அறையின் 30-ஐ நோக்கி ஆறுகிறது. தொலைத்தொடுகோட்டைக் கழித்துவிடுங்கள்: 50, 25, 12.5. விகிதம் இரண்டு தடவையும் 1/2.

கடைசியாக ஒரு தாள். அரைமடக்கைத் தாளில் எக்ஸ் அச்சு வழக்கம்போல இருக்கும். ஒய் அச்சில் மட்டும் 1, 10, 100, 1000 ஆகியவை சம இடைவெளியில் நிற்கும். பெருக்கல் அங்கே கூட்டலாகிவிடுவதால் அடுக்குக்குறி வளைவரை நேர்கோடாகும். கடையில் கிடைக்காவிட்டால் சாதாரணத் தாளில் ஒய்க்குப் பதிலாக ஒய்யின் மடக்கையைக் குறித்தால் போதும்.

மூன்று கணினிச் சில்லுகளை எடுத்துக்கொள்வோம். 1971-இல் வந்த இன்டெல் 4004-இல் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். 2000-இல் வந்த பென்டியம் 4-இல் 4.2 கோடி. 2021-இல் ஆப்பிளின் எம்1 மேக்ஸில் 5,700 கோடி. சாதாரணத் தாளில் 1 செ.மீ. = 300 கோடி என்று வைத்தால் கடைசிப் புள்ளி 19 செ.மீ. உயரத்தில் நிற்கும். பென்டியம் 4 எங்கே? 0.14 மி.மீ. உயரத்தில், அச்சுக் கோட்டின் தடிமனுக்குள். படத்தைப் பார்ப்பவர் 2000 வரை ஒன்றுமே நடக்கவில்லை, அதன் பிறகுதான் எகிறியது என்பார். வகுத்துப் பார்த்தால் அந்த ‘ஒன்றும் நடக்காத’ 29 ஆண்டுகளில் எண்ணிக்கை 18,000 மடங்கு கூடியிருக்கிறது. எகிறியதாகத் தெரியும் 21 ஆண்டுகளில் சுமார் 1,360 மடங்குதான்.

மடக்கைகள் 3.36, 7.62, 10.76. முதல் 29 ஆண்டுகளில் ஏற்றம் 4.26, அடுத்த 21 ஆண்டுகளில் 3.14. இரண்டிலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.15. இரண்டின் மடக்கை 0.30 என்பதால் இரட்டிக்க இரண்டு ஆண்டு. கார்டன் மூர் 1975-இல் சொன்ன கணக்கும் அதுதான். மூன்று சில்லுகளையும் நானே பொறுக்கி எடுத்தேன். கோடு இவ்வளவு நேராக விழுந்ததில் அந்தப் பொறுக்கலுக்கும் பங்கு உண்டு. உங்களுக்குத் தெரிந்த வேறு சில்லுகளைக் குறித்துப் பாருங்கள், புள்ளிகள் கோட்டின் இருபுறமும் சிதறும்.

இந்தத் தாளில் ஆதிப்புள்ளியைத் தேட வேண்டாம். 1-க்குக் கீழே 0.1, அதற்குக் கீழே 0.01 என்று போய்க்கொண்டே இருக்கும், பூச்சியத்துக்கு இடமில்லை. காபிக் கணக்கை இதில் போடுவதாக இருந்தால் 30-ஐக் கழித்த பிறகு போடுங்கள். கழிக்காமல் போட்டால் கோடு வளையும்.